மகளின் கன்னத்தில் யாருடைய நுண்ணுயிர்?

போன வாரம் என் லேப்டாப் திரையில் மூன்று வட்டங்கள் வந்து நின்றன. என் தோள், கணவரின் மார்பு, எங்கள் ஒன்றரை வயது மகளின் கன்னம். வட்டங்களுக்குள் வண்ண வண்ணப் புள்ளிகள் – எங்கள் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்!

புள்ளியைத் தொட்டால் பெயர் சொல்லும். இரண்டு வட்டங்களை இழுத்துப் பக்கத்தில் வைத்தால், எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும். மதுரையில் ஒரு தோல் ஆராய்ச்சிக் குழுவுக்காக நான் மாதக்கணக்கில் கட்டிய மென்பொருள் டேஷ்போர்டு. ஊர்க்காரர்களின் மாதிரிகள் வருமுன், குழுவில் இருப்பவர்களே குடும்பத்தோடு தோலைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்திருந்தோம்.

முதல்முறையாக அது ஓடியபோது... நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

ஆசை யாரை விட்டது? மகளின் கன்னத்தை இழுத்து என் தோளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏதோ கொஞ்சம் ஒற்றுமை. கணவரின் பக்கத்தில் வைத்தேன். புள்ளிகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டன.

பெற்றது நான் – ஒத்துப்போவது அவரோடா?

நான் எழுதிய புரோகிராமில் தப்பு, பெயர்கள் இடம் மாறியிருக்கும் என்று முடிவுகட்டினேன். மறுநாள் குழுவுக்கு முன்னால் காட்ட வேண்டும். வரிவரியாகப் பார்த்தேன். தப்பே இல்லை. தப்பு இருக்கக் கூடாதா என்று ஏங்கிய முதல் புரோகிராமர் நானாகத்தான் இருப்பேன்.

தப்பு எப்படி இருக்கும்? இந்த வேலை தொடங்கியதிலிருந்து, சாயங்காலமானால் அவர்தான் மகளைத் தெப்பக்குளத்துக்குத் தூக்கிப் போகிறார். திரும்பி வந்ததும், சட்டையில்லாத அவர் மார்பில் கன்னம் பதித்துத்தான் அவள் தூங்குவாள். நான்? அடுத்த அறையில் புள்ளிகளுக்கு வண்ணம் தேடிக்கொண்டிருப்பேன்.

அவரிடம் காட்டினேன்.

“அம்புட்டும் என் ஆளுகளா?”

“சிரிக்காதீங்க. நாளைக்கு நம்ம மூணு பேரையும் நீக்கிட்டுக் காட்டவா?”

“ஏன்? சரியாத்தான வேலை செய்யுது. அதக் காட்டாம வேற எதக் காட்டப் போற?”

அதுவும் சரிதான். என்றாலும், காலையில் காளவாசல் சிக்னலில் நிற்கும்வரை ஸ்கூட்டியிலேயே பட்டிமன்றம் – நீக்கலாமா, வேண்டாமா?

நீக்கவில்லை. கூட்டத்தில் முதலில் அந்தக் கன்னத்தைத்தான் இழுத்தேன். மொத்த அறையும் திரைப்பக்கம் சாய்ந்தது. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டார் குழுத் தலைவி.

“என் பொண்ணு மேடம். அவங்க அப்பா மேலதான் தூங்குவா.”

ஒரே ஒரு மாதிரியை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது என்று எச்சரித்தார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, தன் மகனையும் இழுத்துப் பார்க்கலாமா என்றார். அவ்வளவுதான், மவுஸுக்கு அடிதடி!

இன்னும் இரண்டு மாதத்தில் மறுபடி மாதிரி எடுப்பார்கள். இப்போதெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறேன். ஆராய்ச்சி விதிப்படி இது சரியா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.