நைற்றிக்குப் பொக்கற் கேட்டது

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணலாகத்தான் வரும். எது முந்தி நடந்தது, எது பிந்தி என்பதும் இப்போது குழம்புகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்க வெட்கமென்றால் எங்கள் பெண்கள் வட்டத்து ஆண்டு மலருக்கு எழுதியாவது கொடுங்கள் என்று மகள் விடவில்லை.

கிரவீன் என்ற ஊரில் மகளோடு இருக்கிறேன். பின்வளவிலுள்ள சின்ன வீட்டைத் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். முப்பத்தைந்து வயதிருக்கும். பகலில் வீட்டில் நான் மட்டும் என்பதால் அவளுடைய பார்சல்களை வாங்கி வைப்பது என் வேலையாயிற்று. ஒருநாள் பார்சல் எடுக்க வந்தவள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து நேராகவே சொன்னாள்.

"ஆன்ட்டி, வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பெரியவங்க மட்டும் பார்க்கிற படம், வீடியோ எடுத்துப் போடுறதுதான் என் வேலை. காசு கட்டினவங்கதான் பார்க்க முடியும். சட்டப்படி சரிதான். உங்களுக்குச் சங்கடம்னா வேற வீடு பார்த்துக்கறேன்."

எனக்குக் காது சுட்டது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "மகளுக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அக்காகிட்ட வீடு கேட்டப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப எனக்கென்ன. தேத்தண்ணி ஆறுது, குடி பிள்ளை."

பிறகு தன் தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கப்படுத்தினாள். எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் முழு உடுப்போடுதான் நிற்பாள். தோசை சுடுவாள், பகிடி விடுவாள், ரயிலுக்கு ஓடுவாள். அங்கே படம் கொஞ்சம் எல்லை தாண்டினாலும் பக்கத்தையே மூடிவிடுவார்கள். ஒருமுறை அப்படி மூடியதால், முதலிலிருந்து ஆள் சேர்த்தாளாம். அங்கே அவளைப் பிடித்துப்போனவர்கள்தான் காசு கட்டி உள்ளே போவார்கள். கம்பனிகள் பொருளைக் கொடுத்துக் காட்டச் சொல்வதும் அந்த வெளிப்பக்கத்தில்தான். ஆனால் அவள் தொழில் தெரிந்ததும் பதிலே எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

மெல்பேர்னில் நைற்றி தைத்து விற்கும் ஒரு சின்னக் கம்பனி மட்டும் தெரிந்துகொண்டே அவளைக் கேட்டது. மூன்று வீடியோ போட வேண்டும். பெண்கள் வந்து பார்த்து வாங்கினால் ஒரு வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் இத்தோடு சரி.

இரண்டு போட்டாயிற்று. ஒரு பின்னேரம் முகம் வாடி வந்தாள்.

"பார்க்கிறதெல்லாம் ஆம்பளைங்க ஆன்ட்டி. அவங்க நைட்டியா வாங்கப் போறாங்க?"

"தங்கட மனுசிக்கு வாங்கிக் குடுக்கலாம்தானே?"

"எங்க பார்த்தேன்னு வீட்ல சொல்லுவாங்களாம்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "இது எனக்கு வேணும் ஆன்ட்டி. ஒரு கம்பெனி ஒரு வருஷம் கூட நின்னா, அடுத்த கம்பெனிக்காரனும் பதில் போடுவான்."

அவள் போனபின் அந்த இரண்டாவது வீடியோவைப் பார்த்தேன். மகள் என் போனில் ஒரு பக்கம் திறந்து, கோயிலுக்குப் போன சேலையோடு என் படத்தையும் போட்டுத் தந்திருந்தாள். நீல நைற்றி நல்ல வடிவு. கீழே எழுதுகிற இடத்தில் ஒற்றை விரலால் தட்டினேன்: "பிள்ளை, வடிவாயிருக்கு. இதுக்குப் பொக்கற் இருக்கோ? உடுப்புக் காயப்போடேக்க கிளிப் வைக்க வேணும்." அவளுக்கு மட்டும் போகும் கடிதம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மகள் வேலையிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா! என்ன செய்து வைச்சிருக்கிறியள்? கன்பராவில இருந்து மச்சாள் எடுத்துச் சிரிக்கிறா!"

"நான் பிள்ளைக்கெல்லோ எழுதினனான்."

"ஊருக்கே எழுதியிருக்கிறியள். படத்தோட!"

எனக்கு வியர்த்துவிட்டது. அழிக்கச் சொல்லப் பின்வளவுக்கு ஓடினேன். அவள் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க ஆன்ட்டி! கீழ பாருங்க!"

என் எழுத்துக்குக் கீழே வரிசையாகப் பெண்கள். எனக்கும் பொக்கற் வேணும் என்று தமிழிலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தையின் சூப்பி வைக்க, இன்னொருத்திக்கு மூக்குக்கண்ணாடி வைக்க. கிரான்பர்னிலிருந்து ஒருத்தி, "அன்ரி, மரக் கிளிப்போ பிளாஸ்ரிக்கோ?" என்று கேட்டிருந்தாள். "அன்ரிக்கும் காசு கட்டிப் பார்க்கிற பக்கம் இருக்கா?" என்று கேட்ட ஒருவனைப் பிள்ளை என் கண்முன்னே பக்கத்திலிருந்து தூக்கிவிட்டாள்.

நைற்றிக்குப் பொக்கற் இருந்தது. தையலோடு ஒட்டி இருந்ததால் தெரியவில்லை. மூன்றாவது வீடியோவில் அவள் எங்கள் கொடியடியில் நின்று, "ஒரு ஆன்ட்டி கேட்டாங்க" என்று தொடங்கி, பொக்கற்றிலிருந்து கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்து உடுப்புக் காயப்போட்டாள். மகளின் பெட்ஷீற்றுக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். "கால் தெரியுது ஆன்ட்டி" என்றாள்.

சில கிழமை கழித்துக் கம்பனிப் பெண் அழைத்தாள். நானும் கேட்கட்டுமென்று பிள்ளை போனைச் சத்தமாக வைத்தாள். எனக்கு இங்கிலீசு அரைகுறைதான். போனை வைத்தபின் அவளே சொன்னாள்.

"பொம்பளைங்க நிறைய வாங்கினாங்களாம், ஒரு வருஷம் குடுத்துட்டாங்க ஆன்ட்டி. என் வேலையைப் பத்தி யாராவது கேட்டா, தெரிஞ்சுதான் சேர்த்தோம்னு சொல்லுவாங்களாம்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். இப்போது மெல்பேர்னில் தலையணை உறைக்காரர் ஒருவரும் அவளுக்குப் பதில் போட்டிருக்கிறார்.

வீடியோ மூன்றா நான்கா, நைற்றி நீலமா பச்சையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கம்பனிக்காரி சொன்னதையும் சரியாக எழுதினேனோ தெரியாது. மலர் அச்சுக்குப் போகுமுன் யாராவது வந்து அவளிடம் வாசித்துக் காட்டிப் பிழைகளைத் திருத்துங்கள். எழுதச் சம்மதம் தந்திருக்கிறாள், பகலில் வீட்டில்தான் இருப்பாள்.