ரஹ்மத் லாத்தாவின் மலேசியக் கறி

ரஹ்மத் லாத்தா போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்... எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் பார்த்ததும், வேறு யாரோ ஒரு ரஹ்மத்தாக இருக்கும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தென்காசியில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் அவர் பில்லிங், நான் ரிப்போர்ட் டைப்பிங். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. லாத்தா என்றால் அக்கா; சென்டரில் எல்லோருக்குமே அவர் லாத்தாதான்.

அவருடைய கணவர் செய்யது பாய்க்கு மலேசியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. கல்யாணமான காலத்திலிருந்தே அங்கேதான். லீவில் வருவார், போவார். இந்தச் சாரல் சீசனோடு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகப் பேச்சு.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் லாத்தா அவருக்குப் போன் போடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மச்சான், இன்னைக்கு என்ன சாப்ட்டிய?"

பாய் விவரமாகச் சொல்வார். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு வதக்கிய மாட்டுக்கறி. மிளகு தூக்கலாகக் கறுப்பு சாஸ் ஊற்றியது. தேங்காய்ப் பாலில் வற்ற வற்ற வேகவைத்த ரெண்டாங்... லாத்தா கேட்டுக்கொண்டே தன் சோற்றைப் பிசைவார்.

ஒருநாள் போனை வைத்துவிட்டுச் சொன்னார். "ஏட்டி, அங்கன ருசி ருசியா தின்னு பழகிட்டாரு. இங்கன வந்து என் புளியாணத்தயும் சோத்தயும் வாயில வச்சா, ஒரு மாசத்துல திரும்ப ஃப்ளைட் ஏறிருவாரு, பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே லாத்தா வீட்டில், பாய் சொன்ன கறிகளைச் செய்து பழக ஆரம்பித்தோம். அவர் சமையல், நான் யூட்யூப்.

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது. நான் சாப்பிடுவேன் என்பது இலத்தூரில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பதிவில்தான் தெரியவருகிறது. தெரியட்டும்.

கறிக்கடையில் லாத்தா கேட்ட விதமே கடைக்காரரைத் திகைக்க வைத்தது.

"கறிய மெல்லிசா சீவித் தரணும் அண்ணே. குத்தாலத்துல நேந்திரங்கா சிப்ஸ் சீவுவாங்கல்லா, அந்த மாதிரி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஏன் லாத்தா, பொரிச்சு பாக்கெட் போட்டு விக்கப் போறியளா? பச்சக் கறிய அப்படிச் சீவுனா என் வெரலும் சேந்துல்லா வரும். ஃப்ரீசர்ல இறுக வச்சுக் கொண்டாங்க, சீவித் தாரேன்."

அப்படியே செய்தோம். சட்டி புகைகிற சூட்டில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் சோயா சாஸ் மூடியோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சீவிய கறி மொத்தமும் குக்கரில். விசில் அடித்துக்கொண்டிருக்கிறது.

"லாத்தா! அத வதக்கத்தான் செய்யணும்!"

"மாட்டுக்கறிய குக்கர்ல வைக்காம யாருட்டி திம்பா? பல்லு என்னத்துக்கு ஆவும்?"

திறந்தபோது கறி நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. லாத்தா அசரவில்லை. அதன் மேலேயே சாஸை ஊற்றி, கைப்பழக்கத்தில் கறிவேப்பிலையும் உருவிப் போட்டு, வீடியோ காலில் பாய்க்குக் காட்டினார்.

"மச்சான், இதானே அங்கன நீங்க திங்கது?"

பாய் உற்றுப் பார்த்தார். "அச்சு அசலா இதேதான் புள்ள."

லாத்தாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்...

போகப் போக உண்மையாகவே கைவந்தது. நாருக்குக் குறுக்கே வெட்டுவது, சோளமாவில் பிசைந்து வைப்பது, சட்டி நன்றாகப் புகைந்த பிறகு போடுவது. ரெண்டாங்குக்குத் தேங்காய் வறுத்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "இத வச்சுக் குடுத்தா இருந்துருவாருல்லா?"

"இருந்துருவார் லாத்தா."

வியாழக்கிழமை சாயங்காலமே அடக்கம் ஆகிவிட்டது. பாய் அதை போனில்தான் பார்த்தார். மறுநாள் வந்து சேர்ந்தார்.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். "போன்ல பின்னால நின்னு சிரிக்கிற பிள்ள நீதானே?" என்றார்.

அடுப்பு மேடையில் சாஸ் பாட்டில்கள் அப்படியே இருந்தன. நீங்கள் திரும்பிப் போய்விடக் கூடாது என்றுதான், அங்கே சாப்பிட்டதையெல்லாம் லாத்தா வாராவாரம் செய்து பழகினார் என்று சொன்னேன்.

பாய் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் அங்கன எங்க கடைக்கு எதுத்தாப்புல உள்ள சாப்பாட்டுக்கடை போர்டுல போட்டிருக்கும் தாயி. நான் ஒருநாளும் உள்ள போனதில்ல. ரூம்ல பொங்கித் திங்கது சோறும் கருவாடும்தான். அவ அவ்ளோ ஆசையா கேப்பா... தெனமும் கருவாடுன்னா அழுதுருவா. அதான் போர்டப் பாத்துச் சொல்லுவேன்."

நான் அடுப்பு மேடையைப் பார்த்தேன்.

பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அவரே கேட்டார். "அது எப்படித் தாயி இருக்கும்?"

சொன்னேன். முதலில் இஞ்சி வாசம் வரும். கறி மெத்தென்று இருக்கும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புகை... லாத்தா கறிவேப்பிலை போடாமல் இறக்கவே மாட்டார்.

"ம்," என்றார். "சொல்லு."

தெரிந்த வரைக்கும் சொன்னேன்.

போய் வாருங்கள் லாத்தா. பாய் திரும்பிப் போக டிக்கெட் போடவில்லை. இங்கேதான் இருக்கப் போகிறாராம்.