அங்கீட்டி, பெல்லெட் அடுப்பு, ஒரு தீர்மானம்

"குடியிருப்பின் எல்லைக்குள், எந்தப் பெயரால் அழைக்கப்படும் எந்தத் திட எரிபொருளையும், எந்தச் சாதனத்திலும், எந்த நோக்கத்துக்காகவும் எரிக்கக் கூடாது."

ஜனக்புரியில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம் டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்று ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் இது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. மூலமும் என்னுடையதுதான். அறிவிப்புப் பலகையில் இன்றும் தொங்குகிறது. கீழே தலைவரின் கையெழுத்து பச்சை மையில் இருக்கிறது. உயர் அதிகாரிகளுக்குரிய அந்தப் பச்சை மையை ஓய்வுபெற்ற பிறகும் அவர் விடவில்லை.

அந்தத் தலைவர் என் பழைய மேலதிகாரி. தஞ்சாவூர்க்காரர். ஒரே அமைச்சகத்தில் அவர் சார்புச் செயலராகவும் நான் பிரிவு அலுவலராகவும் இருந்தோம். நான் எழுதிய வரைவு எதுவும் அவர் மேசையிலிருந்து காயமில்லாமல் திரும்பியதில்லை. "தெளிவில்லை", "எது என்று வரையறு", "ஓட்டை இருக்கிறது" என்று ஓரம் முழுக்கக் கிறுக்கியிருப்பார். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் நான் பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஆண்டில், என் ரகசிய அறிக்கையில் "மேற்பார்வை தேவைப்படுபவர்" என்று எழுதினார். பாதகமான குறிப்பை மட்டும் ஊழியருக்குத் தெரிவிக்கும் வழக்கம் அன்று இருந்ததால், அது எனக்கு உறையில் வந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களை நான் எழுந்து நின்று வணங்க நேர்ந்தது. ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிய முதல்மாடி வீட்டுக்கு நேர் கீழே அவர் ஏற்கெனவே குடியிருந்தார் என்பது பத்திரம் பதிவான பிறகுதான் தெரியவந்தது. இன்றும் அவரைக் கண்டால் என் வாயில் "சார்" என்றுதான் வருகிறது. அவர் வாயில் "ஓய்".

இனி அடுப்பு விஷயம். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. போன பனிக்காலத்தில் இரண்டு முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். குளிரும் ஆகாது, புகையும் ஆகாது என்று மருத்துவர் திட்டமாகச் சொல்லியிருந்தார். மின்சார ஹீட்டரைப் போட்டால் வீட்டின் பழைய வயரிங் தாங்குவதில்லை. கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் வீடே இருண்டுவிடும். ஆகவே நவம்பர் மாதம் முழுவதும் வேறு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

தலைவர் காதில் இது விழுந்தது.

"அங்கீட்டி வாங்கும் ஓய். டெல்லிக் குளிரை இத்தனை வருஷமா அதுதானே ஓட்டுது? கரியை வெளியில வச்சுப் பத்தவையும். புகை அடங்கினதும் ரூமுக்குள்ள கொண்டுபோய் வையும். சொர்க்கம்."

அங்கீட்டி என்பது இங்கே எல்லா இரும்புக் கடையிலும் கிடைக்கும் கரியடுப்பு. தகர வாளிக்குக் கால் முளைத்தது போலிருக்கும். மலிவு, பழுதாகாது, மின்சாரம் வேண்டாம். ஆனால் அதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கிய பிறகும் கனன்ற கரியிலிருந்து வாடையில்லாத நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும். கதவைச் சாத்தி அங்கீட்டியோடு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஒவ்வொரு பனிக்காலமும் நாளிதழில் வருகிறது. இழுப்புக்காரியின் அறையில் அதை வைப்பதற்குப் பதில் நேராக யமனுக்கே நாற்காலி போடலாம்.

இன்னொன்று பெல்லெட் அடுப்பு. மலைநாட்டில் புகாரி என்கிறார்களே, அந்த இரும்பு அடுப்பின் புது வடிவம். வைக்கோலையும் மரத்தூளையும் இறுக்கிச் செய்த சிறு குச்சிகள்தான் எரிபொருள். மேலே ஒரு தொட்டியில் கொட்டிவிட்டால் சிறிது சிறிதாகத் தானே விழுந்து எரியும். உள்ளே ஒரு சின்ன விசிறி காற்று ஊதும். புகை குழாய் வழியே வெளியே போய்விடும். குறைகளும் உண்டு. பற்றவைக்கும்போது கொஞ்சம் புகையும். விசிறி நின்றால் திணறும், ஆகவே இன்வெர்ட்டர் வேண்டும். குச்சி ஈரம் பட்டால் பொரியைப் போல உப்பிப் பாழாகும். சாம்பலை நாள்தோறும் வார வேண்டும். கரியைவிட விலை கூடுதல். இத்தனையையும் எடைபோட்டுப் பார்த்து பெல்லெட்டைத் தேர்ந்தேன் என்று உறவினர்களிடம் சொன்னேன். உள்ளபடி, தலைவர் கரி என்று சொன்ன அந்த நிமிடமே பெல்லெட் என்று முடிவாகிவிட்டது. மற்றவையெல்லாம் கோப்புக்காகப் பிறகு சேர்த்த காரணங்கள்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் அடுப்பு வந்தது. ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தகரம் பொருத்தி, துளைபோட்டுக் குழாயை வெளியே விட்டார்கள். அன்று மாலை என் மனைவி அதன் முன்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள்.

"இப்பதான் இது என் விரலு மாதிரி இருக்கு," என்றாள். அவள் திருநெல்வேலிக்காரி. டெல்லி பனிக்காலத்தை ஒரு தண்டனையாகவே கழிப்பவள்.

தலைவர் பார்க்க வந்தார். குச்சிகளைக் கையில் அள்ளி முகர்ந்தார்.

"என்ன ஓய், கோழித்தீனியை எரிக்கிறீரா?"

"வைக்கோல் சார்."

"அப்ப மாட்டுத்தீனி." மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார். போகும்போது குழாயை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள் சொர்க்கம் வந்தது, ஆனால் படிக்கட்டில் நரகம் அப்படியே இருந்தது. தலைவர் நாள்தோறும் மாலையில் கீழே நுழைவாயில் அருகே தன் அங்கீட்டியை வைத்துத் தர்பார் நடத்துவார். சுற்றி நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார்கள். வேர்க்கடலை வறுபடும், சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுடப்படும், அவருடைய அமைச்சகத்துப் பழங்கதைகள் ஓடும். அந்தக் கதைகளில் அசட்டுப் பிரிவு அலுவலன் ஒருவன் அடிக்கடி வருவான். பெயர் சொல்லமாட்டார். எல்லோரும் என் வீட்டு மாடத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். புகை படிக்கட்டு வழியாக ஏறி எங்கள் கதவிடுக்கில் நுழையும். மனைவியின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும்.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"சார், அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா? வீட்டுல மூச்சு விட முடியல."

"புகை மேலதானே போகும் ஓய்? பிசிக்ஸை மாத்தச் சொல்றீரா?"

பக்கத்திலிருந்த பஞ்சாபிப் பெரியவர் எனக்காக நாற்காலியை நகர்த்தினார். "அரே பாய்சாப், பைட்டியே. மூங்ஃபலி காயியே." உட்காருங்கள், கடலை சாப்பிடுங்கள் என்கிறார். அவர் நல்லவர். அவர் நீட்டிய கடலை கையில் சுட்டது. தின்னாமல் மேலே வந்தேன்.

கரி, விறகு எரிக்கத் தடை என்று இந்த ஊரில் பனிக்காலம்தோறும் அறிவிப்பு வரும். காவலாளிகள் குளிர்காயும் தகர டப்பாவை அது அணைக்கும். தலைவரின் அங்கீட்டியை அணைக்கச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. ஆகவே சங்கத்தின் தீர்மானமாகவே கொண்டுவந்து, அவர் கையாலேயே கையெழுத்திட வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த யோசனை எனக்கு அளித்த இன்பத்தைப் பதவி உயர்வுகூட அளித்திருக்காது.

முதல் வரைவில் "கரி" என்று மட்டும் எழுதினேன். பிறகு அவர் முகம் நினைவுக்கு வந்தது. கரி என்று எழுதினால் விறகை எரிப்பார். விறகு என்று சேர்த்தால் வறட்டி எரிப்பார். அங்கீட்டி என்று எழுதினால் அதை வாளி என்பார். அவர் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். எந்தப் பெயரால் அழைக்கப்படும், எந்தச் சாதனத்திலும், எந்த நோக்கத்துக்காகவும். எழுதி முடித்துப் படித்தபோது எறும்பு நுழைய இடமில்லை. என் பணிக்காலத்தில் இப்படியொரு வரைவை நான் எழுதியதில்லை.

கூட்டத்தில் அதை எழுந்து வாசித்தேன். இருமலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து இரண்டாம் மாடிப் பெண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். தர்பார்க்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். ஒருமுறை படித்தார். மறுபடியும் மெதுவாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். முப்பது வருடப் பழக்கத்தில் என் தோள் தானாகக் குறுகியது.

"முதல்தரமான டிராஃப்ட் ஓய்," என்றார். "உம்ம கையிலேருந்து வந்ததுல, ஒரு கமாகூட மாத்தாம நான் கையெழுத்துப் போடறது இதுதான் முதல் தடவை."

கைதட்டினார்கள். அன்று மாலை நுழைவாயிலில் அங்கீட்டி இல்லை. காலி நாற்காலிகளை மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டு இரண்டாவது காப்பி குடித்தேன்.

மறுநாள் காலை காவலாளி மேலே வந்தார். கையில் தீர்மானத்தின் நகல். "தலைவர் சாப் சொன்னார், அந்தக் குழாயை எடுத்துவிட வேண்டுமாம்," என்று இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நகலோடு கீழே இறங்கினேன். தலைவர் வெயிலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், இது கரியில்லை. பெல்லெட்."

"பெல்லெட் என்ன ஓய், திரவமா?"

நகலை விரித்து அந்த வரியைத் தேடினேன்.

"வாயுவா?"

"சார், புகை வெளியே போகுது. யாருக்கும் தொந்தரவு இல்லை."

"தொந்தரவு இருந்தா எரிக்கக் கூடாதுன்னா எழுதியிருக்கீர்? 'எந்த நோக்கத்துக்காகவும்'னு எழுதியிருக்கீர். நான் வெறும் கையெழுத்து." நாளிதழை மடித்தார். பிறகு குரலைத் தணித்து, ஏறக்குறைய அன்பாகச் சொன்னார்: "ஒண்ணு செய்யும். திருத்தம் கேட்டு ஒரு நோட் போடும். வீட்டம்மா உடம்பைக் காட்டி உமக்கு ஒரு விதிவிலக்கு. என் முழங்காலைக் காட்டி எனக்கு ஒரு விதிவிலக்கு. ரெண்டையும் ஒரே நோட்டுல வையும். அடுத்த ஞாயிறே பாஸ் பண்ணிடலாம்."

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"எழுதிக் குடுத்துருங்க. அவுக அங்கீட்டியை வாசலுக்கு அங்கிட்டு வைக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான?"

"மாட்டேன்."

"ஏன்?"

"அவருக்கு விதிவிலக்கை என் கையால எழுதமாட்டேன்."

"உங்க கை என்ன, வெந்தா போவும்?"

"தர்பார் நின்னுபோச்சு. நின்னது நின்னதாவே இருக்கட்டும்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆவணும்னு சொல்லுவாகள்ல, அது இதான். ஆனா நீங்க அறுக்கது என் மூக்கை."

நியாயமான பேச்சு. ஆனாலும் எழுதவில்லை. அடுப்பை அணைத்துக் குழாயைக் கழற்றினேன். வயரிங்கை மாற்ற ஆள் பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன், அவர்கள் பொங்கலுக்குப் பிறகு வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ரஜாய்ப் போர்வை என்று சுற்றிக்கொண்டு ஒரு வாரம் பார்த்தாள். பிறகு பாளையங்கோட்டையிலிருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் பேசினாள். என்னிடம் கேட்கவில்லை, தேதியை மட்டும் சொன்னாள். ரயில் நிலையத்தில், மாத்திரைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாளா என்று கேட்டேன்.

"மார்ச்சுல வாரேன்," என்றாள். "அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடுங்க. இல்லன்னா ரெண்டு பேருமாச் சேந்து விறைச்சுக் கிடங்க."

நான் விறைத்துத்தான் கிடக்கிறேன். ஆனால் தனியாக இல்லை. மாலையில் மாடத்திலிருந்து பார்த்தால் தலைவர் கம்பளிக் குல்லாயும் மப்ளருமாக நுழைவாயிலில் தனியே நிற்பது தெரிகிறது. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். பஞ்சாபிப் பெரியவர் அடுத்த கட்டடத்தில் யாரோ வைத்திருக்கும் அங்கீட்டிக்குப் போய்விட்டார். கதை கேட்க ஆளில்லை. அசட்டுப் பிரிவு அலுவலனைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. என் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுக்கும் இந்தக் காலையிலும் அந்தக் காட்சி எனக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது. திருத்தம் கோரும் நோட்டை அவரே எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் "தெளிவில்லை" என்று எழுதி நான் திருப்பி அனுப்புவேன்.

ஒன்று மட்டும் பாக்கி. மனைவி ஊருக்குப் போன பிறகு, சில விடியற்காலைகளில் குளியலறைக் காற்றுத்துளை வழியாகக் கரிவாடை வருவதாக எனக்குப் படுகிறது. கீழ்வீட்டுக் குளியலறையும் அதே சுவரில்தான் இருக்கிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே அங்கீட்டி வைக்கிறார் என்றால் அது தீர்மான மீறல். உயிருக்கு ஆபத்தும்கூட. அதைச் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் எனக்கு ஜலதோஷம். மூக்கை நம்பி எதையும் எழுத முடியாது. இருமியே புகையைக் காட்டிக் கொடுப்பவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். கீழே போய்க் கதவைத் தட்டி நேரில் பார்க்கவில்லை. கீழ்வீட்டில் கரி எரிகிறது என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.