எதிர்ப்பக்க நடைபாதை

ஹவானா பூங்காவின் ஒரு மூலையில் பேஸ்பால் ரசிகர்கள் தினமும் கூடி வாதாடுவார்கள். அங்கே உரக்கச் சொன்ன வார்த்தையை யாரும் மாற்றிப் பேசக்கூடாது. பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஈவேலியோ முப்பது வருடமாக அங்கே வருகிறார். இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் அவர் கொதித்துப் போனார்.

"அந்தக் கிழட்டு இடதுகையனைப் பந்து வீச விட்டு நாம ஜெயிச்சிட்டா, இந்தப் பூங்காவுல காலே வைக்க மாட்டேன்!"

அவன்தான் வீசினான். ஹவானா ஜெயித்தது.

மறுநாள் காலை ஈவேலியோ பூங்காவுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் தனியாக நின்றார். அணி ஜெயித்த சந்தோஷத்தைச் சொல்லக்கூட ஆளில்லை. இனி விடிந்ததும் எங்கே போவது என்றும் தெரியவில்லை.

தோற்ற சாந்தியாகோ அணியின் ரசிகரான முடிதிருத்துபவர் ஓனேலியோ பூங்காவிலிருந்து அவரைப் பார்த்துவிட்டார்.

"யோவ், அங்க என்னய்யா பண்றே?"

"சொன்ன சொல்லு சொல்லுதான்."

"பூங்காவைத்தானே சொன்னே? நடைபாதை என்ன பாவம் பண்ணிச்சு?"

ஓனேலியோ சாலையைக் கடந்து வந்தார். பின்னாலேயே பூங்கா மூலையில் இருந்த பதினைந்து பேரும் வந்து ஈவேலியோவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எட்டாவது இன்னிங்ஸ்ல எங்க மேனேஜர் பந்து வீசுறவனை மாத்தல. அதனால பொழச்சீங்க!" என்று ஓனேலியோ ஆரம்பித்தார்.

"மாத்தியிருந்தா இன்னும் நாலு ரன் குடுத்திருப்பீங்கடா!" என்று ஈவேலியோ கத்தினார்.

அந்த நடைபாதையிலேயே வாதம் சூடு பிடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஈவேலியோ வீட்டுக்குப் போகவே இல்லை.