வெட்டாத தாள்

விருதுநகரில் ஒரு மகளிர் கல்லூரியில் உயிரியல் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் பிறந்தபின் வீட்டோடு இருந்துவிட்ட எனக்கு வந்த ஒரே அழைப்பு. இதையும் விட்டால் அவ்வளவுதான். தூது ஆர்.என்.ஏ. எப்படி உருவாகி உட்கருவைவிட்டு வெளியேறுகிறது என்பது தலைப்பு.

வெறும் படம் போட்டால் கொட்டாவி விடுவார்கள். அதனால் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் நடத்தும் மதினியிடம், அதாவது என் கணவரின் அக்காவிடம், வெட்டாத தாள் ஒன்று கேட்டேன். பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில், நடுநடுவே வேண்டாத வெள்ளைப் பட்டைகளோடு அச்சாகியிருக்கும். வகுப்பில் நானே வெட்டிக் காட்டுவதாகத் திட்டம். சீசன் நேரம், லோடு ஏற்றிக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பொட்டலத்தைத் தந்துவிட்டுப் போனார்.

வகுப்பில் பிரித்தால், மாதங்களை அடுக்கித் தலையில் தகரம் அடித்த முழுக் காலண்டர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பின்வரிசையில் தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் நடந்ததையே சொன்னேன்.

"வெட்டாத தாள்தான் கேட்டேன். அரைகுறைச் சரக்கு எங்க ஊர்ல பைண்டிங் கேட்டைத் தாண்டாது. உட்கருவும் அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு தானாக வந்தது. டி.என்.ஏ. அச்சுப் பிளேட் போல உள்ளேயே இருக்கும். அதைப் பார்த்து எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. நகல் நீளும்போதே, காலண்டருக்குத் தகரம் போல, தலையில் தொப்பி ஏறிவிடும். நடுவிலுள்ள வேண்டாத துண்டுகளை வெட்டி, வேண்டியதை வரிசை மாறாமல் ஒட்ட வேண்டும். கடைசியில் நீளமாக ஒரு அடினைன் வால். அது மட்டும் காலண்டரில் இல்லை. இவ்வளவும் முடிந்தால்தான் உட்கருவின் துளை வழியே வெளியே போய், புரதம் செய்ய வழி சொல்லும். முடியாதது என்னாகும் என்று ஒரு மாணவி கேட்டாள். பெரும்பாலும் உட்கரு அதை உள்ளேயே சிதைத்துவிடும் என்றேன்.

மதியமே வேலை உறுதி என்றார்கள். கேட்டபடி தாள் வந்திருந்தால் எப்படி வெட்டுவது என்று காட்டியிருப்பேன், ஏன் என்று விளங்க வைத்திருக்க மாட்டேன். மதினி பழக்க தோஷத்தில் செய்தாலும் நல்லதைச் செய்தாரே என்று பஸ்ஸில் நன்றியோடு நினைத்துக்கொண்டேன். இறங்கியதும் நேரே பைண்டிங்குக்குப் போனேன்.

"வெட்டாத தாள்தான மதினி கேட்டேன்?"

"கேட்டதான். அம்புட்டுப் பேரு முன்னால நீ அரைகுறையா ஒண்ணை விரிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. ஆளுக போனப்புறம் நானே உக்காந்து முடிச்சேன்."

தகரம் கீறிய விரலில் துணி சுற்றியிருந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை கிடைத்ததைச் சொன்னேன்.