சேவூருக்கு மேலே பறந்த பனியன் துணி

இரண்டாவது முறையும், வீட்டிலேயே செய்த அந்தக் குட்டி ராக்கெட் கிளைடர் மூக்கால்தான் இறங்கியது. சேவூருக்குப் பக்கத்தில், கடலை பிடுங்கி முடிந்திருந்த காட்டில், புகை கிளம்பிய இடத்தைப் பார்த்து சித்ரகலா ஓடினாள். பின்னாலேயே தண்ணீர்க் குடத்தோடு அவள் கணவர் சசிகுமார். அதற்கும் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டியபடி வெள்ளியங்கிரி.

வெள்ளியங்கிரி குன்னத்தூர்க்காரர். கோயில் நோம்பிகளுக்கு வாணவேடிக்கை செய்பவர். கிளைடரை மேலே தள்ளும் மருந்துக் குழாய் அவருடைய கைவேலை. புகைக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற சோளத்தட்டுப் போரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அம்முணி, அது பத்தியிருந்தா எங்கதி என்னாகறது? லைசென்சு போயிருமுங்க. இன்னொரு குழாய் தாரேன். அதுவும் இப்படியே வந்து குத்துச்சுன்னா என்னைய உட்ருங்க."

"காத்து சரியில்லீங்ணா" என்றார் சசிகுமார்.

"காத்துக்கு என்னங்க கொறை? உங்க ஊட்டம்மா செஞ்ச றெக்கைதான் சரியில்ல."

சித்ரகலா குனிந்து கிளைடரைத் தூக்கினாள். மேலே நேராகத்தான் போனது. மருந்து தீர்ந்து, காற்றில் மிதக்க வேண்டிய நேரத்தில் திருகாணி மாதிரி ஒரே பக்கமாகச் சுழன்றது. ரிமோட்டில் குச்சியை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளியும் கேட்கவில்லை.

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவள் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரர் அனுப்பும் படம் முதன்முதலில் சட்டையாவது அவள் கையில்தான். 2007இல் குழந்தைகள் டீ-சர்ட்டுக்கு ராக்கெட் படம் வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. படம் தேடி பிரவுசிங் சென்டருக்குப் போனவள், அங்கே ஒரு வீடியோவைப் பார்த்தாள். ராக்கெட்டாகச் சீறிப் போனது, உச்சியில் விமானமாக மாறி மிதந்தது. தரையில் நின்ற ஒருவர் ரிமோட்டால் அதைத் திருப்பித் திருப்பி இறக்கினார். வந்த வேலையை மறந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நாமளும் ஒண்ணு செய்யலாமுங்க" என்று வீட்டில் சொன்னபோது சசிகுமார் சிரித்தார். சிரித்துக்கொண்டே சால்டரிங் அயர்னை எடுத்து வைத்தார். அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வயரும் மோட்டாரும் அவருக்குப் பழக்கம். ரிமோட் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. மூக்குக்கு நூல் சுற்றி வரும் காகிதக் கோன். இறக்கை தெர்மாகோல். அது ஒடியாமல் இருக்க மேலும் கீழும் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணியைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து ஒட்டினாள். மடிப்பு ஒன்று இல்லை. பார்த்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டு முறை விழுந்த கதை கம்பெனிக்குள் வருவதற்கு ஒரு பொழுதுகூட ஆகவில்லை. செக்கிங் செக்‌ஷன் பிரிசில்லா அங்கிருந்தே கத்தினாள்.

"சித்ராக்கா, ஷிப்மென்ட் லேட்டு! உங்க ராக்கெட்ல ரெண்டு பெட்டி ஏத்தி உடறீங்களா?"

"முதல்ல உன்னைய ஏத்தி உடறேன் கண்ணு. மேல போயாச்சும் வாய மூடறியான்னு பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். ஆனால் மிச்சமிருந்தது ஒரே ஒரு குழாய். அதுவும் போனால் இதோடு முடிந்தது.

மதியம், துவைத்துப் பார்த்த சாம்பிள் ஒன்று மேசைக்கு வந்தது. இடுப்பில் நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல் வயிற்றுப்பக்கம் சாய்ந்திருந்தது. சிங்கிள் ஜெர்சி நனைந்து காய்ந்தால் ஒரே பக்கமாகச் சாயும். திருப்பூரில் இது தெரியாத டெய்லர் கிடையாது. சாக்பீஸால் குறி போட்டு ரிஜெக்ட் கூடையில் போட்டாள். போட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

பசையில் நனைத்துத்தானே ஒட்டினோம்!

வீட்டுக்கு வந்ததும் இறக்கையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். ஒரு நுனி மேலே பார்த்தது, மறு நுனி கீழே பார்த்தது. மேலேயும் கீழேயும் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒட்டியிருந்தாள். காயும்போது மேல்துணி ஒரு பக்கம் இழுக்க, கீழ்த்துணி எதிர்ப்பக்கம் இழுத்து, இரண்டு பேர் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிவதுபோல இறக்கையை முறுக்கிவிட்டன.

இரண்டு துணியும் ஒரே பக்கம் இழுக்கும்படி, புது இறக்கைக்குக் கீழ்த்துணியைப் புரட்டி, உள்பக்கம் வெளியே வர ஒட்ட உட்கார்ந்தாள். கை ஒத்துழைக்கவில்லை. துணியை எடுக்கும்போதெல்லாம் விரல்கள் தாமாகவே நல்ல பக்கத்தைத் திருப்பின.

"உள்பக்கம் வெளிய தெரியுதுங்களே. இதை செக்கிங்ல பாஸ் பண்ணுவாங்களா?" என்றார் சசிகுமார்.

"மேல போனா எந்த செக்கரு வந்து பாக்கப் போறா? புடிங்க அந்த நுனிய."

காய்ந்த இறக்கை பலகை போல நேராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க பிரிசில்லா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். வெள்ளியங்கிரி சோளத்தட்டுப் போருக்கு வெகுதூரத்தில் இடம் பார்த்து, சுற்றிலும் தண்ணீர் தெளித்து, குழாயைப் பொருத்தினார். மருந்தைப் பற்றவைக்க, சசிகுமார் வயரைப் பேட்டரியில் தொட்டார்.

சீறல். புகைக்கோடு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. சுழலவில்லை. சித்ரகலா குச்சியை இடப்பக்கம் லேசாகத் தொட்டாள்; அது இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் தொட்டாள், வந்தது. காட்டைச் சுற்றி அகலமாக வட்டமடித்து, பனைமரத்தைத் தாண்டி, கூட்டத்தின் தலைக்கு மேலே தணிந்து வந்தபோது பிரிசில்லா உட்பட எல்லோரும் அண்ணாந்தபடியே அதோடு திரும்பினார்கள். கிளைடர் கடலைக்கொடிச் சருகின்மேல் வயிற்றால் வழுக்கி நின்றது.

விசில் பறந்தது. "நம்ம பனியன் துணிடோய்!" என்று யாரோ கூவினார்கள்.

"அம்முணி, அடுத்த வாரத்துக்கு எத்தனை குழாய் வேணுமுங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

சசிகுமார் கிளைடரை எடுத்து வர ஓடினார்.

"நில்லுங்க. ஆரும் தொடாதீங்க. நானே எடுத்துக்கறேன்."

ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கச் சித்ரகலா மெதுவாக, ஓடாமல், காட்டுக்குள் நடந்தாள்.