தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள்

மைசூரில் மகாராஜா ஆட்சி நடந்த நாட்களில் நான் ஓர் ஆஸ்பத்திரியின் கண் வார்டில் நர்ஸாக இருந்தேன். எங்கள் ஆபரேஷன் அறைக் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி. உள்ளே போகிறவர்கள், அவர்களைக் கொண்டுவந்து விடுகிறவர்கள், சும்மா அந்த வழியாகப் போகிறவர்கள், எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கண்ணைக் கொடுக்கும் அறை அல்லவா, கோயில் படியைத் தொடுவதுபோல் தொட்டார்கள். கண் சிவந்து சீழ் வடிய வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களும் தொட்டார்கள், மறுநாள் கத்தி வைக்க வேண்டிய கண்ணோடு வந்தவர்களும் தொட்டார்கள்.

நல்லபடியாக ஆபரேஷன் ஆன கண்கள் இரண்டொரு நாளில் சீழ் வைக்க ஆரம்பித்தன. புரையை எடுத்தால் பார்வை வந்துவிடும் என்று நம்பி வந்தவர்கள், கண்ணையே தொலைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். டாக்டர் கருவிகளை மறுபடியும் கொதிக்க வைக்கச் சொன்னார், மருந்தை மாற்றினார், எங்கள்மேல் எரிந்து விழுந்தார். ஒரு நாள் வராந்தாவில் நின்று அந்தக் கைப்பிடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து, கைபடுகிற இடமெல்லாம் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் துடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைப்பிடி, கட்டில் கம்பி, ஸ்டூல், தண்ணீர்க் குழாய் எல்லாம். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பித்தளை பளபளவென்று மின்ன ஆரம்பித்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி காலையும் மாலையும் கதவின் முன் குனிந்து ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைப்பதைப் பார்த்த ஜனங்கள், இது ஏதோ அபிஷேகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முன்பு தொடாதவர்களும் தொட வந்தார்கள். ஒரு நாள் அதில் குங்குமம் இருந்தது. இன்னொரு நாள் தேவராஜ மார்க்கெட் மல்லிகை ஒரு முழம். ஆபரேஷன் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நிலைப்படியைத் தொட்டார்கள். கடைசியில் வாசலில் ஒரு பேசினில் மருந்துத் தண்ணீர் வைத்து, கையை நனைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் தொட்டுத் தொலையட்டும் என்றார். அதைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொண்டார்கள். குடிக்கப்போன ஒருவர் கையை நான்தான் தட்டிவிட்டேன். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்களுடையது மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் நிலைத்த வைஷ்ணவக் குடும்பம். சின்ன வயதிலேயே என் கணவர் போய்விட்டார். நான் பிடிவாதம் பிடித்து நர்ஸ் படிப்புக்குப் போனேன். தலைமுடியை வளர்த்துக்கொண்டதைக்கூட அண்ணா பொறுத்துக்கொண்டார். கண்டவர்களையும் தொட்டுக் கண்ணுக்கு மருந்து போடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. லீவு நாளில் போனால் கொல்லைப்பக்கம் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். மன்னி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். கார்பாலிக்கில் கழுவிக் கழுவி என் விரல்நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. மைசூரிலேயே என் கையைவிடச் சுத்தமான கை இருந்திருக்குமா என்பது சந்தேகம். வீட்டுக்கு நான் தீட்டு. கூட வேலை பார்த்த நர்ஸுகளுக்கோ, முட்டை வாசனைக்கு மூக்கைப் பொத்துகிற மடிசஞ்சி. மிகவும் தனியாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொள்ளேகாலிலிருந்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தாள். பட்டு நூல் சுற்றிப் பிழைத்தவள். ஒரு கண் முன்பே கெட்டுப்போயிருந்தது. மிச்சமிருந்த கண்ணில் புரை. இதுவும் சீழ் வைத்தால் முழுக் குருடு. மகன் கொண்டுவந்து விட்டுவிட்டு, தறி நிற்கிறது என்று உடனே திரும்பிப் போய்விட்டான். ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் பை வைத்துப் படுக்கவைத்தோம்.

கண்ணைக் கட்டிவிட்டால் கை சும்மா இருக்காது. கம்பியைத் தடவும், சுவரைத் தடவும், அரிப்பெடுத்தால் நேரே கட்டுக்குப் போகும். மற்றக் கட்டில்களைவிட அவள் கட்டிலை அதிகமாகவே துடைத்தேன். கம்பியில் துணி ஓடும் சத்தம் கேட்டதும் கையை நீட்டுவாள்.

“ஏனுங் அம்மணி, நீங்கதானுங்களா?”

“நான்தான்.”

“பேச்சு ஐயமாரு ஊட்டுப் பேச்சாட்ட இருக்குதுங்களே. இந்த வேலைக்கெல்லாம் உங்க ஊட்டுல உடறாங்களா?”

“ஆத்துல யாரும் விடலை. நானா வந்துட்டேன்.”

“அதுஞ் செரிதானுங்,” என்று சிரித்தாள்.

“சிரிக்காதேங்கோ, தலை அசையப்படாது,” என்று அதட்டினேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் விரல்நுனிகளைத் தடவிப் பார்த்தாள். “ஏனுங் இப்புடி உரிஞ்சு கெடக்குது? இந்தக் கையில பட்டைத் தொட்டா நூல் சிக்கிக்குமுங். ராத்திரி தேங்காண்ணெ தடவிட்டுப் படுங்க,” என்றாள். என் கையைப் பற்றி யாராவது விசாரித்து வருஷக்கணக்காகியிருந்தது. அதன்பிறகு வேலை முடிந்தாலும் என் அறைக்குப் போக மனம் வராமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இதற்கிடையில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கண் சீழ் வைத்துவிட்டது. மாற்ற வேறு இடமில்லை. நடுவில் ஒரு திரையைப் போட்டோம். கொள்ளேகால் அம்மாளின் கண்ணை மட்டும் காப்பாற்று பெருமாளே என்று வேண்டிக்கொண்டேன். நர்ஸாக இருக்கிறவள் ஒரே ஒரு நோயாளிக்காக மட்டும் வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். வேண்டிக்கொண்டேன்.

கட்டு அவிழ்க்கும் நாள் வந்தது. கண் சுத்தமாக இருந்தது. டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னாள். அவர் திருப்தியோடு அடுத்த வார்டுக்குப் போனார். நான் திரைக்கு அந்தப்பக்கம் போய் மற்றப் பெண்ணின் கண்ணைத் துடைத்துவிட்டு, கை கழுவத் திரையைவிட்டு வெளியே வந்தேன். கொள்ளேகால் அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். எட்டி என் கையைப் பிடித்து, “இந்தக் கைதானுங்களா,” என்று சொல்லிக்கொண்டே கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். “தொடாதேங்கோ!” என்று கத்தியும் விட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடிப்போய் என் கையை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவினேன். பேசினைக் கொண்டுவந்து அவள் கைகளையும் தேய்த்துக் கழுவினேன். அவள் குழந்தையைப்போல் இரண்டு கையையும் காட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்மேலதானுங் அம்மணி,” என்றாள் மெதுவாக. “கண்ணு வந்த சந்தோசத்துல சாதி மறந்துபோச்சுங்.”

“அது இல்லைம்மா! சீழைத் தொட்ட கை. உங்க கண்ணுல பட்டா கண்ணே போயிடும்,” என்றேன். திரையைக் காட்டினேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். இந்த மாதிரிச் சமாதானங்களை ஆயுள் முழுக்கக் கேட்டுப் பழகியவள்போல, “செரிங்க, செரிங்க,” என்று தலையாட்டினாள். நான் கம்பியைத் துடைக்கப் போனால் அன்றிலிருந்து கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கழுவிய கையை நானாகவே நீட்டினேன். “வேண்டாமுங்,” என்றாள், அன்பாகத்தான்.

மகன் வந்து அழைத்துப் போன அன்று வராந்தாவில் நின்றேன். என்னைக் கண்டதும் அவன் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கிட்டக்கப் போவாத கண்ணு. அவிய ஐயமாரு. தொடப்படாது.”

தூரத்தில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். அவள் யாரையும் பிடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள்.